சீரியல் நடிப்பில் கை, கண், கண்ணீர்: கேள்வி பதில்

புதிதாக சீரியலில் நடிக்க வந்திருப்பவர்களின் கேள்விகளும், தொடர்களில் தொடர்ந்து நடித்துவரும் நடிகை ஒருவரின் பதில்களும்.

கேள்வி: மாஸ்டர் ஷாட்டில் (காட்சி முழுவதையும் ஒரே அகலமான கோணத்தில் எடுக்கும் ஷாட்) செய்ததை க்ளோசப்பில் மாற்றிச் செய்துவிடுகிறேன். கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் மாறாத தொடர்ச்சி) போகிறது என்று திட்டு விழுகிறது, மேடம்.

பதில்: எந்தச் சொல்லில் கை அசைந்தது என்பதை வசனத்தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "நீ போ, நான் அப்புறம் வர்றேன்" என்று ஒரு வசனம், கையில் டம்ளர். 'போ' சொல்லும்போது டம்ளரை எடுக்கிறீர்கள், 'வர்றேன்' முடிந்ததும் வைக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லின் கீழும் கோடு போடுங்கள். க்ளோசப்பில் 'அப்புறம்' வரும்போது எடுத்தால், எடிட்டர் வெட்டுகிற இடத்தில் டம்ளர் மேசையிலிருந்து கைக்குத் தாவும். உங்கள் நல்ல டேக் அதனாலேயே குப்பைக்குப் போகும்.

அசிஸ்டென்ட் டைரக்டர் எடுத்துவைக்கும் போட்டோ உடை, நகை, தலைமுடிக்கு உதவும். கை எந்தச் சொல்லில் அசைந்தது என்பதை அது காட்டாது. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாஸ்டரில் ஒன்றிரண்டு செய்கைக்கு மேல் வைக்காதீர்கள். முந்தானையைச் சரிசெய்து, முடியை ஒதுக்கி, வளையலைத் திருகினால் அத்தனையையும் ஒவ்வொரு கோணத்திலும் அதே இடத்தில் திரும்பச் செய்தாக வேண்டும்.

கேள்வி: கிளிசரின் போட்டால் கண் எரிகிறது. போடாவிட்டால் அழுகையே வருவதில்லை.

பதில்: கண்ணுக்குள் விடவே விடாதீர்கள். சுத்தமான காட்டன் பட்ஸில் ஒரு துளி எடுத்து, கீழ் இமைக்குக் கொஞ்சம் கீழே கன்னத்தில் வையுங்கள். கிளிசரின் சீக்கிரம் காயாது, அதனால் விளக்குச் சூட்டிலும் கண்ணீர்த் துளி போலவே நிற்கும். மென்தால் ஸ்டிக் வேறு வகை: அதன் ஆவிதான் கண்ணீரை வரவைக்கிறது. கண்ணுக்கு நன்றாகக் கீழே மெல்லிசாகத் தடவினால் போதும். தடவிய விரலால் கண்ணைத் தொடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

இனி நடிப்பு. அழ முயற்சி செய்கிற முகம் பொய்யாகத் தெரியும். அழக் கூடாது என்று அடக்குகிற முகத்தைத்தான் பார்ப்பவர்கள் நம்புவார்கள். கண்ணீருக்கு முன்னால் மாறுவது மூச்சு: வசனத்தின் நடுவே மூச்சு தட்டும், எச்சில் விழுங்க வேண்டியிருக்கும், கடைசிச் சொல்லுக்குக் குரல் போதாது. இந்த மூன்றையும் சரியாகச் செய்தால் கண் தானாக நனையும். முடிந்தால் க்ளோசப்பை முதலில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், நல்ல டைரக்டர் ஒத்துக்கொள்வார். வைட் ஷாட்டிலேயே அழுது தீர்த்துவிட்டால் க்ளோசப்புக்கு வீங்கிய மூக்குதான் மிஞ்சும்.

கேள்வி: பிராம்ப்ட் சொல்பவர் (ஓரமாக நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பவர்) பக்கம் கண் போய்விடுகிறது.

பதில்: எதிரே நடிப்பவரின் தோளுக்குப் பின்னால் அவரை நிற்கச் சொல்லுங்கள். அப்போது கண் நழுவினாலும் எதிரே நடிப்பவரைப் பார்ப்பது போலவே இருக்கும். நாலைந்து சொல்லாக உடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். லைவ் சவுண்ட் (ஷூட்டிங்கிலேயே குரலைப் பதிவுசெய்வது) என்றால் பிராம்ப்ட் சொல்பவர் குரல் உங்கள் குரல்மேல் விழக் கூடாது.

கேள்வி: க்ளோசப்பில் என் கண் அலைபாய்கிறது என்கிறார்கள்.

பதில்: எதிரில் இருப்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். நேரில் அது தெரியாது, க்ளோசப்பில் தெரியும். கேமராவுக்குப் பக்கமாக இருக்கும் கண் எதுவோ, அதை மட்டும் பாருங்கள். உங்கள் முகமும் கேமராவுக்கு அதிகம் கிடைக்கும். ஆள் இல்லாவிட்டால் லென்ஸுக்குப் பக்கத்தில் அவர் கண் உயரத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் முன்பின்னாகப் பல எபிசோடு எடுக்கிறார்கள். மனநிலையை எப்படிப் பிடிப்பது?

பதில்: நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டே குறிப்பு எழுதுங்கள்: எங்கிருந்து வருகிறாள், இதுவரை அவளுக்கு என்ன தெரியும். இரண்டாவதுதான் முக்கியம். கணவனின் கடன் 210-ஆவது எபிசோடில் தெரியவருகிறது என்று வையுங்கள். அதைக் காலையில் எடுத்துவிட்டு, மதியம் 208-க்கு உட்கார்ந்தால் பார்வையில் சந்தேகம் ஒட்டிக்கொண்டு வரும். 208-இல் அவள் அவனை முழுசாக நம்புகிறவள். மேக்கப் மாற்றும் நேரத்தில் அந்தக் குறிப்பை ஒருமுறை படித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: எனக்கு வேறொருவர் டப்பிங் பேசுகிறார், உதடு ஒட்டவில்லை.

பதில்: ப, ம வரும் இடங்களில் உதடு மூடியாக வேண்டும், முணுமுணுத்தால் அது தெரியாது. தாளில் இல்லாத சொல்லைச் சேர்த்தால் உடனே அசிஸ்டென்டிடம் சொல்லி எழுத வையுங்கள்.

கேள்வி: வில்லி வேடம். கண்ணை உருட்டச் சொல்கிறார்கள்.

பதில்: இசையும், ஒரே முகத்தை மூன்று முறை காட்டும் வெட்டும் பின்னால் சேரும். நீங்களும் உருட்டினால் அளவு மிஞ்சும். ஒரு டேக் டைரக்டர் கேட்டபடி பெரிதாகக் கொடுங்கள். இன்னொன்று குரலை இறக்கி, மெதுவாகக் கொடுங்கள். அவள் தன் பக்கம்தான் நியாயம் என்று நம்புகிறவள், அவசரப்பட மாட்டாள். வசனம் முடிந்ததும் முகத்தைத் தளர்த்தாதீர்கள், 'கட்' கேட்கும்வரை பிடித்திருங்கள். எபிசோடு முடியும்போது உறையவைக்கும் முகத்தை எடிட்டர் அந்த இரண்டு மூன்று வினாடியில்தான் தேடுவார்.