சீட்டுப் பணமும் எட்டு லெவல் அபாகஸும்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா மகளையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இவர் வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். நான்காம் வகுப்பு படிக்கும் மகள், மணிச்சட்டத்தில் கணக்குப் போடப் பழக்கும் அபாகஸ் வகுப்பில் இரண்டு லெவல் முடித்துவிட்டு, மூன்றாவது லெவலில் வகுப்பு வாசலிலேயே நின்று அழுகிறாளாம். நாத்தனார் மகன் எட்டு லெவலும் முடித்து, கோப்பையோடு எடுத்த படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. இப்போது ஆறாம் வகுப்பிலேயே, ஐஐடி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். "மீதி லெவலுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, சீட்டை எடுத்துக் கட்டிவிடு" என்கிறாராம் நாத்தனார். "இவ பின்தங்கிடுவாளோ சார்?" என்று கேட்கும்போதே அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அம்மா, அன்று பேசியதோடு நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அதே பேச்சு, அதே பயம். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். மொத்தப் பணம் கட்ட வேண்டாம். ஒன்பது வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஃபவுண்டேஷன் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

அபாகஸ் நல்ல பொருள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1946-ல் டோக்கியோவில் சொரோபன் என்கிற இதே மணிச்சட்டத்துக்கும் மின்சாரக் கணக்குப் பொறிக்கும் போட்டி வைத்தார்கள். மட்சுசாகி என்ற ஜப்பானியர் மணிச்சட்டத்தால் 4-க்கு 1 என்று ஜெயித்தார். ஆனால் உங்களிடம் விற்கப்படுவது கணக்குப் போடும் வேகம் மட்டுமல்ல. ஞாபகசக்தி, கவனம், மூளை வளர்ச்சி என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

குஜராத்தில் வதோதரா நகரத்துப் பள்ளி ஒன்றில் சுமார் 200 குழந்தைகளை வைத்து மூன்று வருடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. ஒரு பாதிக்கு அபாகஸ், மறு பாதிக்கு அதே நேரம் கூடுதலாகச் சாதாரணக் கணக்குப் பாடம். அபாகஸ் குழந்தைகள் கூட்டல் கழித்தலில் ஓரளவு முன்னே போனார்கள். ஞாபகசக்தியிலோ கவனத்திலோ மாற்றம் தெரியவில்லை. ஜப்பானில் 1980-களிலேயே அபாகஸில் பெரிய நிபுணர்களைச் சோதித்தார்கள். 15 இலக்கம் வரை ஒரே மூச்சில் கேட்டுத் திருப்பிச் சொன்னவர்கள், எழுத்துகளையோ பழங்களின் பெயர்களையோ சொன்னபோது நம்மைப் போலத்தான் தடுமாறினார்கள். ஆக, மணிகள் கணக்கைத்தான் வளர்க்கின்றன.

ஐஐடி நுழைவுத் தேர்விலும் கால்குலேட்டர் கிடையாதே, அப்போது உதவுமே என்றீர்கள். கொஞ்சம் உதவும். ஆனால் அங்கே பிள்ளைகள் மாட்டிக்கொள்வது எதைக் கணக்கிட வேண்டும் என்ற இடத்தில். வேகத்துக்கு நேரடி வேலை இருப்பது வங்கித் தேர்வில்தான். வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் முதல்நிலைத் தேர்வில் கணக்குப் பகுதி 35 கேள்விகள், 20 நிமிடம். அது பட்டப்படிப்பு முடித்த பிறகு. உங்கள் மகளுக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது.

சரி, நீங்கள் யோசிக்காத வழிக்கு வருகிறேன். நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கவனித்தீர்களா? பையிலிருந்து சட்டத்தை எடுத்துத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். "டைம் வைக்கிறாங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். மணியை அவளுக்குப் பிடிக்கிறது, ஸ்டாப்வாட்ச் பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்கு வீட்டுத் திண்ணையே போதும், சட்டம் ஏற்கனவே கையில் இருக்கிறது.

நீங்களும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குப் பட்டைக்கு மேலே ஒரு மணி, அதன் மதிப்பு 5. கீழே நான்கு மணி, ஒவ்வொன்றும் 1. பட்டையைத் தொட்டு நிற்கும் மணிதான் கணக்கில் வரும். கீழ் மணியைக் கட்டைவிரலால் ஏற்ற வேண்டும், மற்ற எல்லாம் ஆள்காட்டி விரல். இந்த விரல் பழக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பின்னால் திருத்துவது கஷ்டம்.

முதலில் இருக்கிற மணியை அப்படியே ஏற்றி இறக்கும் நேரடிக் கூட்டல். அடுத்தது வகுப்பில் 'சின்ன நண்பர்' என்பார்களே, அது. 4 இருக்கிறது, 3 சேர்க்க வேண்டும், கீழே மணி தீர்ந்துவிட்டது. 5-ஐ இறக்கி, 3-உடன் சேர்ந்து 5 ஆகும் துணையான 2-ஐ எடுத்துவிட்டால் 7. அப்புறம் 'பெரிய நண்பர்'. 7-உடன் 8 சேர்க்க, இடது பக்கத்துப் பத்துக் கம்பியில் ஒரு மணி ஏற்றினால் 10, அதில் அதிகமாகப் போன 2-ஐ இங்கே எடுத்தால் 15. இரண்டும் கலந்து வருவதுதான் உண்மையான சோதனை. 6-உடன் 7 சேர்க்க 10 ஏற்றி 3 எடுக்க வேண்டும், ஆனால் கீழே ஒரே மணிதான் இருக்கிறது. அதனால் 5-ஐத் தள்ளி 2 ஏற்ற வேண்டும். 13 வந்துவிடும். பெரும்பாலான குழந்தைகள் தேங்குவது இங்கேதான். உங்கள் மகள் அழ ஆரம்பித்ததும் இந்த இடம் வந்தபோதுதான் என்று அவள் ஒர்க் ஷீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதற்கு வேகம் எதிரி. ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும், தினமும் 15 நிமிடம், கடிகாரம் இல்லாமல்.

கணக்குக்குப் புத்தகம் தேட வேண்டாம். நேற்று 48 பீஸ் தைத்தீர்கள், இன்று 57. சட்டத்தில் 48 வைத்து, பத்துக் கம்பியில் 5 சேர்க்கட்டும், 98 ஆகும். இனி 7. ஒன்றுக் கம்பியில் 3 போய் 5 நிற்கும். பத்துக் கம்பியில் ஏற்கனவே 9 இருப்பதால் அது முழுதும் காலியாகி நூறு கம்பியில் ஒரு மணி எழும். 105. அந்த மணி எழும்போது குழந்தை முகத்தைப் பாருங்கள். ஒன்று கவனியுங்கள், சட்டத்தில் பெரிய இலக்கத்திலிருந்து தொடங்குகிறோம், பள்ளியில் வலது ஓரத்திலிருந்து. குழப்பம் வரும் முன்பே இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

கை பழகிய பிறகு சட்டத்தை மூடி வைத்து, எண்ணைச் சொல்லுங்கள். காற்றில் விரல் அசையும். அசையட்டும், தடுக்காதீர்கள், அந்த அசைவு மனதில் மணியைப் பிடித்து வைக்க உதவும். மூன்று நான்கு கம்பிக்கு மேல் மனப்படம் நிற்பது பெரும்பாலோருக்குக் கடினம். அதனால் இரண்டு இலக்கக் கூட்டல் கழித்தல், ஓர் இலக்கத்தால் பெருக்கல் வரை மனக்கணக்காக வந்தால் போதும். அதற்கு வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எந்த லெவலும் மாற்று இல்லை.

பணத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு லெவல் என்றால் மீதி ஆறு லெவலுக்கு ஒன்றரை வருடம். நடுவில் குழந்தை நின்றுவிட்டால் முன்பணம் திரும்பி வரும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள், தருவார்களா பார்ப்போம். கட்டணத்தோடு முடியாது. போட்டிக்கு நுழைவுக் கட்டணம், சென்னைக்குப் போய்வர பஸ், தங்கும் செலவு, டி-ஷர்ட் எல்லாம் உண்டு. பிற்பாடு எப்போதாவது அவளாகவே வகுப்புக்குப் போகிறேன் என்றால் ஒரு லெவலுக்கு மட்டும் கட்டுங்கள். சீட்டை இப்போது எடுக்க வேண்டாம். தள்ளி எடுக்கும் சீட்டில் கழிவு குறையும், அது உங்களுக்கே தெரியும்.

அவள் வேண்டாம் என்று சொன்ன சொல்லுக்கும் மதிப்பு உண்டு. வகுப்பை விட்டால் சோம்பேறி ஆகிவிடுவாள் என்று அவள் காதுபட யாரையும் பேசவிடாதீர்கள், நாத்தனாரையும் சேர்த்துத்தான். அத்தை மகனோடு ஒப்பிடும் பேச்சு வந்தால் நீங்களே நிறுத்துங்கள்.

நாத்தனாரிடம் என்னையே பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஞாயிறு மாலை அவரையும் கூட்டி வாருங்கள், அந்தப் பையனும் வரட்டும். உங்கள் மகளைச் சட்டத்தை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.