ஓவியங்களுக்கு முதுகு காட்டிய நாற்காலிகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரைக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் நானும் சில நண்பர்களும் சேர்ந்து ஆலய மண்டபத்தில் மூன்று நாள் ஓவியக் கண்காட்சி நடத்தினோம். மாணவர்களின் படங்கள், தோட்டத்தில் பிறந்து இப்போது நகரத்தில் வேலை செய்யும் இரண்டு இளைஞர்களின் ஓவியங்கள், ஒரு காலத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய பெரியவர் ஒருவரின் படங்கள் என ஏறத்தாழ நாற்பது படைப்புகளை வைத்தோம். திறப்பு விழாவுக்கு மண்டபம் நிறைந்தது. பிரமுகர்கள் பேசிவிட்டுப் போன பிறகு, அடுத்த இரண்டு நாளும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நாங்களேதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விற்றவை இரண்டே படங்கள். கண்ணாடி போட்ட நீர்வண்ணப் படங்கள் சிலவற்றில் பிறகு பூஞ்சைப் புள்ளிகளும் வந்துவிட்டன.

“நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு? அந்தப் பணத்தில் ஒரு பேருந்து பிடித்துப் பிள்ளைகளைக் கோலாலம்பூர் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம்” என்கிறார் எங்கள் குழுவிலேயே ஒருவர். அடுத்த முறை கேரித்தீவின் பூர்வகுடியினரான மா மெரி மரச்சிற்பிகளை அழைக்கலாம் என்கிறார் இன்னொருவர். அப்படிச் செய்தால் அது தமிழர் கண்காட்சியாக இருக்காதே என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். கண்காட்சியில் எடுத்த சில ஒளிப்படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புமிக்க ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சொல்லாமல் விட்ட சிலவற்றை நீங்கள் அனுப்பிய ஒளிப்படங்கள் சொல்லிவிட்டன. திறப்பு விழாப் படத்தில் நாற்காலிகள் அனைத்தும் மேடையைப் பார்த்துப் போடப்பட்டிருக்கின்றன. ஓவியங்களோ பின்சுவரிலும் பக்கச் சுவர்களின் பின்பகுதியிலும் இருக்கின்றன. வந்தவர்கள் அத்தனை பேரும் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டியபடி பொன்னாடை போர்த்துவதைப் பார்த்திருக்கிறார்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போயிருக்கிறார்கள். ஊர்மக்கள் கண்காட்சியைப் புறக்கணித்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விழாவுக்கு அழைத்தீர்கள், விழாவுக்கு வந்தார்கள். ஓவியம் பார்க்க அவர்களை யாரும் இன்னும் அழைக்கவில்லை.

ஆகவே, நம் ஊருக்கு இது தேவையா என்ற கேள்விக்கு, தேவைதான் என்பதே என் பதில். ஆனால் நகரத்துக் கலைக்கூடத்தின் அலுவல் நேரத்தையும் நம் கல்யாண மண்டபத்தின் மேடைப் பழக்கத்தையும் சேர்த்துக் கட்டிய இந்த முறை தேவையில்லை. தோட்டப்புற ஊரில் நடக்கும் கண்காட்சிக்கு நேரம், சுவர், விலை எல்லாவற்றையும் அந்த ஊரார் பிழைக்கும் பிழைப்பைப் பார்த்துத்தான் வகுக்க வேண்டும்.

நேரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை வெட்டுபவர் விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி வேலையை முடித்து, பிற்பகலில் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்வார். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பலர் தெலுக் பங்ளிமா காராங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு என்றால் காலை ஏழுக்கு உள்ளே போனவர் இரவு ஏழுக்குத்தான் வெளியே வருவார். நீங்கள் திறந்து வைத்திருந்த பத்து மணி முதல் ஐந்து மணி வரையிலான நேரத்தில் உங்கள் ஊரில் ஓய்வாக இருக்கக்கூடியவர்கள் ஓய்வூதியக்காரர்களும் விடுமுறையில் இருந்த பிள்ளைகளும் மட்டுமே. அந்தப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டியவர்களும் வேலையில் இருந்திருப்பார்கள். அதே மண்டபத்துக்குப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அர்ச்சனைத் தட்டோடு வெளியே வருபவரின் கண்ணில் வெளிச்சம் போட்ட ஒரு வாசல் பட்டால் அவர் உள்ளே எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். தொடர்ந்தாற்போல் மூன்று நாள் வைப்பதைவிட, மூன்று வாரங்களின் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஏழு முதல் பத்து வரை திறந்து வையுங்கள். முதல் வாரம் பார்த்தவர் சொல்லி அடுத்த வாரம் இன்னொருவர் வருவதற்கு இடைவெளி வேண்டும். பிரமுகர்களை அழைக்காமல் இருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். நன்கொடை அவர்களிடமிருந்துதானே வருகிறது. அவர்களைக் கடைசி நாளுக்கு அழையுங்கள். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் நிறைவு விழா என்றால் அவர்களுக்கும் படம் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

அடுத்தது சுவர். உங்கள் மண்டபச் சுவரில் ஆள் மார்பளவுக்கு டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். பந்தி பரிமாறும் இடத்தில் கறை துடைக்க அது வசதி. ஆனால் அதில் ஆணி அடிக்க முடியாது. அதனால் படங்களை அதற்கும் மேலே, சுவர் விசிறிகளுக்குச் சமமான உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். கலைக்கூடங்களில் ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுவது பொதுவான வழக்கம்; நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. உங்கள் ஒளிப்படம் ஒன்றில் ஒரு சிறுமி தான் வரைந்த படத்தையே கழுத்தை மேலே வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் துணி வியாபாரிகள் சட்டைகளை மாட்டிவைக்கும் கம்பி வலைத் தட்டிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கி, வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறப் பருத்தித் துணியால் மூடி, மண்டபத்தின் நடுவே நிறுத்துங்கள். மணமேடைக்குப் போடும் மினுமினுப்புத் துணி மட்டும் வேண்டாம். குழல் விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசினால் தட்டியைச் சற்றுத் திருப்பி வைத்தால் போதும்; சுவரைத் திருப்ப முடியாது.

இப்போது அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, மண்டபத்தில் ஒரு மூலைதான் கிடைத்திருக்கிறது. அங்கே வைத்திருக்கும் அருவியும் அன்னப்பறவையும் நாள்காட்டியைப் பார்த்து வரைந்தவை என்று பார்த்தவுடனே தெரிகிறது. கண்காட்சிக்கு என்று கேட்டதால் ஓவியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என நினைத்து அவற்றைக் கொடுத்திருப்பார். அவருடைய கலை அதுவன்று, எழுத்து. சுண்ணப்பொடி தடவிய நூலைப் பலகையின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் விழும் நேர்கோடு, இடது கையில் பிடித்த கோலின் மேல் வலது மணிக்கட்டைத் தாங்கி நிறுத்தும் விதம், எனாமல் வண்ணம் இழுபடத் தொடங்குவதற்குள் ‘ழ’கரத்தின் வளைவை முடித்துவிட வேண்டிய அவசரம், இவற்றை எல்லாம் நம் ஊர்ச் சாலையோரங்களில் நின்று வாய் பிளந்து பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பலகையில் தேசிய மொழியான மலாய் முதன்மையாகத் தெரிய வேண்டும் என்பது ஊராட்சி மன்ற விதி. அதற்கு இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் இடத்தில் தமிழையும் சீனத்தையும் நெருக்கடி தெரியாமல் அமர்த்த வேண்டும். ஒரே பலகையில் மூன்று எழுத்து முறைகளுக்கு மூன்று விதமான அகலம், மூன்று விதமான தடிப்பு. கணினியில் அச்சடித்த வினைல் பேனர்கள் வந்த பிறகு அந்தக் கணக்கைப் போட யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. இன்று பல கடைகளின் பலகையில் தமிழ் எழுத்து பக்கவாட்டில் நசுக்கப்பட்டுக் கிடப்பதை நீங்களே பார்க்கலாம்.

அவர் எழுதிய பழைய பலகைகள் உங்கள் வட்டாரத்து மளிகைக் கடைகளின் பின்கட்டிலும், முடிதிருத்தும் கடைகளின் பரணிலும், இடம் மாறிய தோட்டத்துக் கோயில்களின் சாமான் அறையிலும் கிடக்கக்கூடும். கேட்டு வாங்கி, துடைக்க மட்டும் துடைத்து, புதிதாக வண்ணம் பூசாமல், அவற்றைக் கண்காட்சியின் முதல் தட்டியில் மாட்டுங்கள். ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரம் அவர் மக்கள் முன்னால் ஒரு பலகை எழுதட்டும். விரும்பும் பிள்ளையின் பெயரைச் சிறு பலகையில் எழுதித் தந்து அதற்குரிய கூலியை அவரே வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஊரில் வேறு எந்த ஓவியமும் அவ்வளவு கூட்டத்தை இழுக்காது என்பது என் எண்ணம்.

படங்களின் அருகே வைக்கும் குறிப்பட்டைகளைப் பற்றி ஒரு சொல். ‘மௌனத்தின் நிழல்’, ‘தேடல்’ என்றெல்லாம் தலைப்பு வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள், இருக்கட்டும். ஆனால் அதன் கீழே என்ன இடம், எந்த ஆண்டில் இருந்த நிலை, எந்த வண்ணத்தில் வரைந்தது என்று தமிழிலும் மலாயிலும் தெளிவாக எழுதி வையுங்கள். ‘பழைய ரப்பர் ஆலை, நீர்வண்ணம்’ என்று எழுதியிருந்தால் அங்கே வேலை செய்த ஒருவர் நின்று, புகைபோக்கி அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்று வாதாடுவார். வாதாட வேண்டுமென்றால் படத்தை உற்றுப் பார்த்தாக வேண்டும். இடிக்கப்பட்ட தொழிலாளர் லயன் வீடுகளையும் செம்பனைக்கு மாறிய ரப்பர் காடுகளையும் வரைந்தவருக்கு இவர்களைவிடக் கடுமையான பார்வையாளர்கள் எந்த நகரத்திலும் கிடைக்கமாட்டார்கள்.

விலை விஷயத்தில் அந்த இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நகரத்துக் கலைக்கூடங்கள் விற்பனையில் பொதுவாக 30 முதல் 50 விழுக்காடு வரை தங்கள் பங்காக எடுத்துக்கொள்கின்றன; அதையும் சேர்த்துத்தான் ஒளிப்படத்தில் தெரியும் அந்த 800 ரிங்கிட் விலையைப் போட்டிருப்பார்கள். ஆலய மண்டபத்தில் அந்தப் பங்கு இல்லை என்பதற்காக அதே படத்தை இங்கே பாதி விலைக்குக் கொடுப்பதும் சரியன்று, நகரத்தில் முழு விலை கொடுத்தவர் அடுத்த முறை வாங்கமாட்டார். அதற்குப் பதிலாக, இங்கே விற்பதற்கென்றே உள்ளங்கை அகலத்தில் மைக்கோட்டுப் படங்களும், கையொப்பமிட்டு எண்ணிட்ட அச்சுப் பிரதிகளும் செய்யச் சொல்லுங்கள். ஐம்பது ரிங்கிட்டுக்கு ஒரு படம் கிடைத்தால் புதுவீடு புகுவிழாவுக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கிப் போகிறவர்களில் சிலராவது யோசிப்பார்கள். பெரிய படத்தை விரும்புகிறவருக்குத் தவணையில் கொடுக்கலாம். முன்பணம் வாங்கியதும் குறிப்பட்டையில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுங்கள், அது விற்றுப்போனதன் அடையாளம்.

பூஞ்சைப் புள்ளிகளுக்குக் காரணம் கடலோரக் காற்றின் ஈரப்பதமும், தாளைக் கண்ணாடியோடு ஒட்டிச் சட்டம் போட்டதும்தான். இரவில் குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் படியும். தாள் அதைக் குடித்துக்கொள்ளும். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற அட்டையால் ஒரு சாளரச் சட்டம் வைத்தால் சில மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், பெரும்பாலும் அதுவே போதும். சட்டத்தின் பின்புறக் கீழ்முனைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். கண்காட்சி முடிந்த அன்றே பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரத்தைப் பூட்டி வைப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பருத்தித் துணியில் சுற்றலாம்.

பேருந்து பற்றி உங்கள் நண்பர் சொன்னதும் நல்ல யோசனைதான், ஆனால் கண்காட்சிக்கு மாற்றாக அன்று, அதற்குப் பிறகு. தன் படத்தைத் தானே தட்டியில் மாட்டிப் பார்த்த பிள்ளை கலைக்கூடத்துக்குள் நுழையும்போது உயரத்தையும் வெளிச்சத்தையும் குறிப்பட்டையையும் கவனிக்கும். மாட்டிப் பார்க்காத பிள்ளை குளிர்சாதனத்தையும் நகரும் படிக்கட்டையும்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அங்கே அழைத்துப் போகும்போது பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: 1958-இல் ஜாலான் அம்பாங்கில் தொடங்கிய தேசிய கலைக்கூடத்தின் சேகரிப்பில் அன்று இருந்தவை நன்கொடையாக வந்த நான்கே படைப்புகள். 1984-இல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்கு இடம் மாறி, 1998-இல்தான் அது தன் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்து, சென்னையின் அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று, இராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் தீட்டிய சையத் தாஜுதீனைப் பற்றியும், 1970-களிலேயே சுற்றுச்சூழல் சீர்கேட்டை ஒளிப்படங்களின் வழியாகக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்த நிர்மலா தத் சண்முகலிங்கத்தைப் பற்றியும் முன்னதாகவே வகுப்பில் பேசிவிட்டு அழைத்துப் போங்கள். அவ்வளவு தூரம் முடியாதென்றால் ஷா ஆலம் ஏரிப் பூங்காவிலுள்ள கலைக்கூடம் உங்களுக்குப் பக்கம்.

கடைசியாக, மா மெரி சிற்பிகள். தமிழர் கண்காட்சியாக இருக்காதே என்ற மறுப்பில் எனக்கு உடன்பாடில்லை. கேரித்தீவின் தோட்டங்களில் நம்மவர்களும் அவர்களும் தலைமுறைகளாக ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறோம். ஆனால் அவர்களை நம் நிகழ்ச்சிக்கு அலங்காரமாக அழைப்பதானால் அழைக்காமல் இருப்பதே மரியாதை. ‘நிரே பத்து’ எனும் சதுப்புநிலக் காட்டு மரத்தின் செந்நிறக் கட்டையில் அவர்கள் செதுக்கும் உருவங்கள் ‘மோயாங்’ எனப்படும் முன்னோர் ஆவிகளின் உருவங்கள். அவற்றின் முகமூடிகள் ஆட்டத்திலும் ‘ஹரி மோயாங்’ எனும் முன்னோர் நாள் வழிபாட்டிலும் இடம்பெறுபவை. எதைக் கோயில் மண்டபத்தில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். கேரித்தீவில் அவர்கள் வாழும் சுங்கை பும்புன் கிராமத்துக்கு உங்கள் குழுவில் இரண்டு பேர் நேரில் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விலையை அப்படியே எழுதி வையுங்கள், வண்டிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், விற்ற பணத்தில் ஒரு சென்னும் மண்டப நிதிக்கு எடுக்காதீர்கள்.

நாள் குறிக்கும்போது ஆண்டிறுதி மழையைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறைவு, தாளுக்கும் நல்லது. நோன்பு மாதம் எப்போது வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மலாய் அண்டைவீட்டார் இரவில் வர முடியாமல் போகும். முடிவானதும் எழுதுங்கள், நானும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வர முயல்கிறேன்.

அன்புடன்.