வாசகர் கேள்வி – பதில்: பெரியபிள்ளையான மகள் பூசைக்குப் போகலாமா?

கேள்வி: முல்லைத்தீவுக் கரையோரத்தில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. பன்னிரண்டு வயது மகள் அண்மையில் பெரியபிள்ளையானாள். முப்பத்தொரு நாள் துடக்கு என்று சொல்லி மாமி அவளை அறைக்குள்ளேயே இருத்தியிருக்கிறார். ஞாயிறு பூசைக்கும் விடவில்லை, பாடகர் குழாமுக்கும் விடவில்லை. உழுத்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை கொடுக்கிறார், மீன் கொடுப்பதில்லை. கனடாவிலுள்ள மச்சாள் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்ய வேண்டுமென்கிறார். பாதிச் செலவு அவருடையது, மீதிக்கு நாங்கள் கடன்பட வேண்டும். மகளோ ஒன்றும் வேண்டாமென்று அழுகிறாள். நான் பெரியபிள்ளையானது 2000ஆம் ஆண்டில், இடம்பெயர்ந்து மல்லாவியில் தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது. எனக்கு எவரும் எதுவும் சொல்லித்தரவில்லை, எதுவும் செய்யவுமில்லை. இவளை விசுவாசத்தில் எப்படி வழிநடத்துவது?

பதில்: அன்புச் சகோதரி, கோயில் விடயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் ஐயத்துக்கு இடமில்லை. மாதவிடாய் நாட்களில் ஒரு பெண் பூசைக்கு வரக்கூடாதென்றோ நற்கருணை பெறக்கூடாதென்றோ திருச்சபையில் சட்டம் எதுவும் கிடையாது. இது புதிய கேள்வியும் அல்ல. 590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியாரிடம், இங்கிலாந்துக்கு மறைபரப்பச் சென்ற அகுஸ்தீனார் இதையே கேட்டு எழுதினார். இயற்கையாக நிகழ்வதைக் குற்றமாக்கிப் பெண்ணைக் கோயிலிலிருந்து தடுக்கலாகாது என்று பதிலெழுதிய கிரகோரியார், இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஆண்டவருடைய ஆடையைத் தொட்ட நிகழ்ச்சியையே அதற்குச் சான்றாகக் காட்டினார்.

ஆனால் மாமியிடம் பாப்பரசரின் கடிதத்தைப் பற்றி வாதாடி வெல்ல முயலாதீர்கள். மாலைச் செபத்தின்போது மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை எல்லோரும் இருக்கும்போது வாசியுங்கள். லேவியர் சட்டப்படி அந்தப் பெண் பன்னிரண்டு ஆண்டுகள் தீட்டுப்பட்டவள். அவளைத் தொட்டவரும் தீட்டுப்பட்டவரே. அவள் கூட்டத்துக்குள் புகுந்து தொட்டபோது இயேசு விலகவில்லை, "மகளே" என்று அழைத்தார். அதே அதிகாரத்தில், இறந்துவிட்டதாக எல்லோரும் அழுத பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கையைப் பிடித்து எழுப்பி, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றும் பெற்றோரிடம் சொன்னார். உங்கள் மகளின் வயதுதான் அவளுக்கும். மாமி செபமாலை சொல்லும் பெண்மணியாக இருந்தால், இந்த வாசிப்பு அவருடைய மனத்தில் உங்கள் வாதத்தைவிட ஆழமாக இறங்கும்.

சாப்பாடு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல உணவுகள், மாமி அன்போடுதான் கொடுக்கிறார். அதைத் தடுக்க வேண்டாம். பச்சை முட்டையை மட்டும் அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் பச்சையாகக் குடிப்பதால் கூடுதல் பலன் இல்லை, கிருமித் தொற்றுக்கு இடமுண்டு. வீட்டில் எல்லோருக்கும் மீன்குழம்பு வைத்துவிட்டு அவளுக்கு மட்டும் மரக்கறியென்று ஒதுக்குவதற்கும் காரணமில்லை. இரத்தத்தோடு இரும்புச்சத்தை இழக்கும் பிள்ளைக்கு மீனும் கீரையும் முன்னையைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

மகளை எப்படி வழிநடத்துவது என்று கேட்டீர்கள். உங்களுக்குச் சொல்லப்படாத அனைத்தையும் சொல்லுங்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்காக வராது. 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். இரண்டு முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். அணையாடையை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓரிரு மணித்தியாலத்துக்குள்ளேயே நனைந்துபோனாலோ ஏழு நாளைத் தாண்டினாலோ வைத்தியரிடம் போக வேண்டும். துணி பாவிப்பதானால் சவர்க்காரமிட்டுக் கழுவி நல்ல வெயிலில் காயவிட வேண்டும். கொட்டிலுக்குள் வேறு உடுப்பின் கீழே மறைத்து ஈரத்தோடு காயவிட்ட நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மறைப்பை அவள் தொடர வேண்டியதில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் அவளைக் கூட்டிச் செல்லுங்கள், அம்மாவிடம் கேட்கக் கூச்சப்படுவதை அங்கே கேட்பாள். தன் சம்மதமின்றி உடலைத் தொட எவருக்கும், உறவினருக்கும் ரியூசன் ஆசிரியருக்கும் கோயிலில் பணிபுரிபவருக்கும்கூட, உரிமையில்லை என்பதையும், அப்படி ஏதும் நடந்தால் உங்களிடமோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்திலோ சொல்லலாம் என்பதையும் இந்தப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனிச் சாமத்திய வீடு. சடங்கைத் தீது என்று நான் சொல்லமாட்டேன். ஊர் கூடிப் பிள்ளையை வாழ்த்துவதில் நற்செய்திக்கு முரணாக எதுவுமில்லை. ஆனால் கடன்பட்டு மண்டபம் எடுத்து, வீடியோக்காரர் சொல்லும் பக்கமெல்லாம் திரும்பிச் சிரிக்கும்படி அழுகிற பிள்ளையை மேடையில் நிறுத்துவதை என்னால் ஆதரிக்க முடியாது. கோபிக்காமல் இதையும் எண்ணிப் பாருங்கள்: அந்த மண்டபத்தில் நீங்கள் காண விரும்புவது மகளையா, மல்லாவியில் எவரும் வாழ்த்தாத அந்தப் பிள்ளையையா? வன்னியில் உங்கள் வயதுத் தாய்மார் பலரிடம் இந்த ஏக்கம் உண்டு, அது நியாயமானது. அதை மகளிடம் கதையாகச் சொல்லுங்கள். பிறகு, நன்றித் திருப்பலி ஒன்றை ஒப்புக்கொடுத்து, பங்குத்தந்தையின் ஆசீரைப் பெற்று, அவள் விரும்பும் ஐந்தாறு தோழிகளோடு வீட்டில் மதியச் சாப்பாடு வைப்பதற்கு அவள் சம்மதிப்பாளா என்று கேட்டுப் பாருங்கள். மச்சாள் தரவிருக்கும் பணத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடச் சொல்வதும் மரியாதைக் குறைவாகாது.

கேள்வி: கிளிநொச்சியில் வயல் செய்கிறேன், மனைவி குவைத்தில் வேலை செய்கிறார். பதினான்கு வயது மகன் பீடப்பணியாளராக இருந்தவன். சில மாதங்களாகப் பீடத்துக்குப் போவதில்லை, பூசைக்கு வந்தாலும் நற்கருணை வாங்காமல் பின்வரிசை வாங்கிலேயே இருக்கிறான். கேட்டால் எரிந்து விழுகிறான். அடித்துத் திருத்தும் வயதும் கடந்துவிட்டது.

பதில்: அடிக்காதது நல்லது. நற்கருணை வாங்காமல் இருக்கும் பிள்ளை விசுவாசத்தை விட்டவன் என்று எண்ணாதீர்கள். தான் தகுதியற்றவன் என்று நினைக்குமளவுக்கு அதை மதிக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதில் தூக்கத்தில் தானாக விந்து வெளியேறும். குரல் உடையும், முகத்தில் பரு வரும், ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மார்பு சற்றே வீங்கி, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் வற்றிவிடும். ஒருவரும் விளக்காவிட்டால், நோயென்றோ பாவமென்றோ பிள்ளை தானே தீர்ப்பெழுதிக்கொள்வான். சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டுமென்பது திருச்சபையின் போதனை. உறக்கத்தில் நடப்பதில் சம்மதம் எங்கே இருக்கிறது? சுய இன்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை என்றாலும், 1992இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி ஏடே உணர்வு முதிர்ச்சியின்மையையும் பழக்கத்தின் வலிமையையும் கருத்திற்கொள்ளச் சொல்கிறது.

இதை முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல இருவருக்குமே வெட்கமாக இருக்கும். தண்ணீர் கட்டும்போது வரம்பில் பக்கத்தில் நடந்துகொண்டு சொல்லுங்கள்; உங்களுக்கும் அந்த வயதில் இவையெல்லாம் நடந்தன என்பதிலிருந்து தொடங்குங்கள். கைத்தொலைபேசியில் ஆபாசப் படங்களைப் பார்த்திருப்பானோ என்ற அச்சமிருந்தால், அதைப் பறித்துச் சோதிக்காமல், அவை நடிப்பு என்பதையும் பெண்ணை மதிக்கப் பழகும் மனத்தை அவை கெடுக்கும் என்பதையும் சொல்லுங்கள். இரவில் தொலைபேசி முன்விறாந்தையில் இருக்கட்டும், உங்களுடையதும் அங்கேயே இருக்கட்டும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகத் தூண்டலாம்; ஆனால் என்ன சொன்னாய் என்று அவனிடமும் கேட்கக்கூடாது, சுவாமியிடமும் கேட்கக்கூடாது.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்றரை வயது, இன்னும் பெரியபிள்ளையாகவில்லை. மடுத் திருத்தலத்து மாதாவுக்கு நேர்த்தி வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: மார்பு வளர்ச்சி தொடங்கியிருந்தால் அச்சப்பட ஒன்றுமில்லை, பொதுவாக அதிலிருந்து இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் மாதவிடாய் வரும். இதுவரை அந்த வளர்ச்சியே தொடங்கவில்லையென்றால் இப்போதே வைத்தியரிடம் காட்டுங்கள். தொடங்கியிருந்து, பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் அப்படியே. ஆகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கு மடுவுக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் எதற்காக நேர்த்தி என்று அவளுடைய காதுபட உறவினர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.