எல்லை தாண்டும் பைக்குக்கு என்னென்ன காகிதம்? கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடும் பைக் நண்பர்கள், துண்டுச் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இவை. பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தேன். என் புல்லட் மூன்று முறை நேபாளத்துக்கும், ஒரு முறை கார்னே என்ற சுங்கக் கையேடு எடுத்துக் கடல் தாண்டியும் போய் வந்தது. அதில் பட்டதையும் கற்றதையும் வைத்துச் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம்: நேபாளம் போக கார்னே வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தம்பி. இந்தியப் பதிவெண் வண்டி என்றால் எல்லையிலேயே ‘பன்சார்’ கட்டினால் போதும். எத்தனை நாள் இருக்கப் போகிறோமோ அத்தனை நாளுக்குச் சுங்கக் கட்டணம். எல்லை ஊர்களான சுனௌலி, ரக்சௌல் இரண்டு பக்கமும் இதே முறைதான். அசல் ஆர்.சி., லைசென்ஸ், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும். மலைப்பாதையில் மண் சரிந்தால் திட்டம் கலைந்துவிடும். அதனால் ஒரு நாள் கூடுதலாகவே கட்டிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை: கார்னே என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

புதுச்சேரிக்காரர் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. பிரெஞ்சு தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: ‘கார்னே த பசாஜ் ஆன் துவான்’. துவான் என்றால் சுங்கம். உங்கள் வண்டிக்கான சுங்கக் கையேடு அது.

ஒரு நாட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோனால், அங்கேயே விற்றுவிடுவீர்களோ என்று அந்த நாடு பயப்படும். விற்கமாட்டார், திரும்பக் கொண்டுபோய்விடுவார் என்று உங்களுக்காக உறுதி சொல்வதுதான் கார்னே. இந்தியாவில் மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் இதைத் தருகிறது. வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பார்த்து, வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள். ஓராண்டு செல்லும்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பகுதி. உள்ளே போகும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியே வரும்போது இன்னொன்று. மூன்றாவது அடிக்கட்டை, அது நம் புத்தகத்திலேயே தங்கும். அதில் நுழைந்த சீலும் வெளியேறிய சீலும் இரண்டும் இருக்க வேண்டும். நான் ஒரு நாட்டிலிருந்து கிளம்பியபோது அதிகாரி தாளைக் கிழித்துக்கொண்டார், அடிக்கட்டையில் சீல் குத்தவில்லை. மழை வரும் போலிருந்த அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. டீக்கடையில் புத்தகத்தைத் திறந்தால் நுழைந்த சீல் ஊதா நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது, பக்கத்துக் கட்டம் வெள்ளையாகக் கிடக்கிறது. டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். அந்த ஒரு சீல் இல்லையென்றால் வண்டி இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறது என்று கணக்கு. முழு வரியையும் நம் வைப்புத்தொகையிலிருந்து கேட்பார்கள். சீல் குத்தியதைக் கண்ணால் பார்க்காமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

பண்ருட்டி: டிஜிலாக்கரில் ஆர்.சி. இருக்கிறது, போதாதா?

இந்தியாவுக்குள் போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் போதாது. அசல் அட்டை வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்: லோன் முடிந்துவிட்டது. அப்புறம் ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வங்கியின் பெயர் இன்னும் அதில் இருக்கும். தவணை முடிந்ததும் தானாகப் போய்விடாது. வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். லோன் ஓடிக்கொண்டிருந்தால் வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்காமல் கார்னே பக்கம் போகாதீர்கள்.

குறிஞ்சிப்பாடி: நேபாளத்துக்கு கார்னே எங்கே வாங்குவது?

முதல் பதில்.

அரியாங்குப்பம்: பி.ஒய்.01 என்ற புதுச்சேரிப் பதிவெண் வண்டி, பாஸ்போர்ட்டில் கடலூர் முகவரி. சிக்கல் வருமா?

இந்தச் சீட்டைப் படித்ததும் கடற்கரையில் ஒரு மணி நேரம் சண்டை. “வரி குறைவென்று அங்கே வாங்கி இங்கே ஓட்டுகிறீர்கள்” என்றார் மஞ்சக்குப்பம் பெரியவர் ஒருவர். “என் மாமியார் வீடு அரியாங்குப்பம், நான் பாதி நாள் அங்கேதான்” என்று இவர். புதுச்சேரி–கடலூர் எல்லையான முள்ளோடை தாண்டும்போது யாரும் காகிதம் கேட்பதில்லை, அதனால் இரண்டும் ஒரே ஊர் என்று பழகிவிட்டோம் என்றார் மூன்றாமவர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது.

ஆனால் சட்டம் அப்படிப் பார்க்காது. வேறு மாநிலப் பதிவெண் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. மாமியார் வீடு அதற்கு விலக்கு தராது. பெரியவர் சொல்வதுதான் சரி. சண்டையில் தொலைந்துபோன உங்கள் கேள்விக்கு வருகிறேன். அயல்நாட்டு அதிகாரிக்கு பி.ஒய்.யும் ஒன்றுதான், நம் கடலூர் டி.என்.31-ம் ஒன்றுதான். அவர் பார்ப்பது ஆர்.சி.யிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து இருக்கிறதா என்றுதான். ஒன்றில் தந்தை பெயர் விரிந்தும் ஒன்றில் இனிஷியலாகவும் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். முகவரி கேள்வி கார்னே விண்ணப்பத்திலேயே எழும், அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டை: இன்டர்நேஷனல் லைசென்ஸ்?

நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும். லைசென்ஸில் இரு சக்கர வண்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம்: நாகப்பட்டினம் கப்பலில் பைக்கை ஏற்றி யாழ்ப்பாணம் போகலாமா?

2023 அக்டோபரில் தொடங்கிய நாகை–காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கானது. பைக்கை ஏற்ற முடியாது.

வில்லியனூர்: அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன். அவர் பிரான்ஸ் பைக்கை கார்னேயில் கொண்டுவந்து பி.ஒய். நம்பர் வாங்கலாமா?

கூடவே கூடாது. கார்னேயில் வந்த வண்டி திரும்பிப் போயாக வேண்டும். இங்கே பதியவோ விற்கவோ முடியாது. அண்ணன் திரும்பும்போது அடிக்கட்டையில் வெளியேறும் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விருத்தாசலம்: வெளியேறும் சீல் விட்டுப்போய், ஊருக்கே வந்துவிட்டால்?

கார்னேயின் பின்பக்கத்தில் வண்டி இருக்குமிடச் சான்று என்று ஒரு பகுதி உண்டு. வண்டியை நேரில் காட்டி, அதிகாரியிடம் நிரப்பி வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் வழி இருக்கிறது.

பாகூர்: நேபாளத்துக்கு கார்னே...

வேண்டாம் ஐயா. வேண்டாம்.

புதுக்குப்பம்: கடலோர வீடு. சேஸிஸ் நம்பர் துருப்பிடித்துவிட்டது. ஏதும் ஆகுமா?

நல்ல கேள்வி, ஒருவராவது கேட்டீர்களே. சுங்க அதிகாரி டார்ச் அடித்துப் பார்ப்பது ஹேண்டில் கழுத்திலுள்ள அந்த எண்ணைத்தான். உப்புக் காற்றில் 3-ம் 8-ம் ஒன்றுபோல் ஆகிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள், உப்புத்தாள் போடாதீர்கள், சுரண்டிய எண் என்று சந்தேகம் வரும். காய்ந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும்பும். அதை ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுவிட்டு, எண் மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். எஞ்சின் எண்ணுக்கும் இதே வேலைதான்.