நாஃப்டா வந்தும் மெக்சிகர்கள் ஏன் வெளியேறினார்கள்?
வணக்கம். வர்த்தக ஒப்பந்தம் வந்தபின் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்வு குறையாமல் கூடியது ஏன் என்ற இடத்தில் கட்டுரை நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மக்காச்சோளத்திலிருந்து தொடங்குங்கள். 1994 ஜனவரியில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க அரசின் மானியம் பெற்ற மக்காச்சோளம் மெக்சிகோவில் மலிவாக வந்து இறங்கியது. மானாவாரி நிலத்தை நம்பிய சிறு விவசாயி அதனோடு எப்படிப் போட்டியிடுவார்? அதே ஆண்டு டிசம்பரில் மெக்சிகோ நாணயமான பெசோவின் மதிப்பும் சரிந்தது. வடக்கே போகும் வழியோ பழையது: 1942 முதல் 1964 வரை மெக்சிகத் தொழிலாளர்களைத் தற்காலிக வேலைக்கு அமெரிக்கா அழைத்த பிராசெரோ திட்டத்தில் தாத்தாக்கள் போட்ட தடம் அது. இதைத் தயவுசெய்து அடிக்குறிப்பில் ஒதுக்காதீர்கள்.

குடிபெயர்வின் விளைவுகளைக் காட்ட மெக்சிகோவின் சகாதேகாஸ் மாநிலம் ஒன்றே போதும். வெளிநாடு சென்றவர்கள் அனுப்பிய பணத்துடன் அரசும் பங்கு போட்டு அங்கே சாலைகள் அமைந்தன. அந்தச் சாலை வழியாகவே இளைஞர்களும் கிளம்பினார்கள். பல ஊர்களில் மிஞ்சியவர்கள் முதியவர்கள்தான்.