விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் மாநகராட்சியில் எழுத்தர். வயது 52. 1999-ல் சேர்ந்தேன். ஆளைக் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பி.எஸ்.என்.எல். ஊழியர்களைப் போல விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. 2019-ல் பி.எஸ்.என்.எல். கொண்டுவந்தது தனித் திட்டம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மீதமிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்று கணக்கிட்டார்கள். 78,000 பேருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்கு அப்படி ஏதாவது அரசாணை வந்திருக்கிறதா? ஜங்ஷன் டீக்கடைப் பேச்சை நம்பி வேலையை விடக் கூடாது.

சாதாரண விதிப்படி 50 வயதோ 20 ஆண்டுப் பணியோ முடிந்தால், 3 மாத முன்னறிவிப்புடன் போகலாம். ஆனால் தனியாக ஊக்கத்தொகை கிடையாது. நீங்கள் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியம் உண்டு. அதுதான் உங்கள் பெரிய சொத்து. முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதிப் பணி (ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணிக்காலம்) வேண்டும். 60 வயது வரை இருந்தால் ஆண்டு ஊதிய உயர்வுகளும் சேர்ந்து கடைசிச் சம்பளம் கூடும், ஓய்வூதியமும் அதை வைத்துத்தான். உடம்புக்கு முடியவில்லை என்றால் அது வேறு விஷயம். முதலில் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, விடுப்பு, பணி முறிவுப் பதிவெல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.