முதிய நடிகர்கள் நடித்த நுவார் (இருண்ட மனநிலையில் சொல்லப்படும் குற்றக்கதை வகை) குற்றப் படங்களில் எதைப் பார்க்கலாம், முதுமை அதில் எப்படிக் கதைக்கு உதவுகிறது?

ராபர்ட் பென்டன் இயக்கி 1998இல் வெளிவந்த ‘ட்வைலைட்’ படத்தையே முதலில் சொல்வேன் (2008இல் வந்த இரத்தக்காட்டேரிக் காதல் படம் வேறு). எழுபதைக் கடந்துவிட்ட பால் நியூமன், முன்னாள் காவலரும் தனியார் துப்பறிவாளருமான ஹாரி ராஸாக நடிக்கிறார். புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் பழைய திரை நட்சத்திரம் ஜாக்காக ஜீன் ஹாக்மனும், அவர் மனைவி கேத்தரினாக சூசன் சரண்டனும் வருகிறார்கள். அவர்கள் வீட்டிலேயே ஒண்டிக் குடியிருக்கும் ஹாரி, ஜாக்குடன் சீட்டாடுகிறார். கேத்தரின்மீது ஆசையும் வைத்திருக்கிறார்.

ஜாக் தந்த ஒரு பொட்டலத்தைச் சேர்ப்பிக்கப் போன இடத்தில், குண்டடி பட்டுச் சாகும் தறுவாயிலுள்ள ஒரு முதியவர் ஹாரியை நோக்கியே சுடுகிறார். அவரிடமிருந்த பழைய செய்தித்தாள் நறுக்குகளோ, பல ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன கேத்தரினின் முதல் கணவரைப் பற்றியவை.

நுவார் கதைகளில் குற்றம் பெரும்பாலும் கடந்த காலத்தில் புதைந்திருக்கும் என்பதால், அந்தக் கடந்த காலத்தைச் சுமக்க இளம் நடிகர்களுக்குப் பின்கதைக் காட்சிகள் தேவைப்படும். இங்கே நியூமனின் தளர்ந்த நடையும், பழைய சகாவாக வரும் ஜேம்ஸ் கார்னரின் நிதானமான சிரிப்புமே அதைச் செய்துவிடுகின்றன. மர்மம் ஓரளவு ஊகிக்கக்கூடியதுதான். ஆனால் உண்மை தெரிந்தால் நண்பர்களை இழக்க நேரிடும் என்று அறிந்தும் ஹாரி விடாமல் தோண்டுவதை நியூமனின் முகத்தில் பார்ப்பதற்காகவே 94 நிமிடங்களைத் தாராளமாகச் செலவிடலாம்.